ஆறு மைல் தூரம்

கலிபோர்னியாவின் முதல் வேதசாட்சி என்று லூயிஸ் ஹைமே என்கிற பிரான்சிஸ்கன் பாதிரியாரைக் கத்தோலிக்கர்கள் கொண்டாடுகிறார்கள். 1775 நவம்பர் 5 அதிகாலையில் சான் டியாகோ மிஷனைக் கொளுத்திய குமெயாய் மக்கள் அவரைக் கொன்றார்கள். ‘காட்டுமிராண்டிங்க சாமியாரைக் கொன்னுட்டாங்க’ என்றுதான் ரொம்பக் காலம் இந்தக் கதை சொல்லப்பட்டது. ஏன் கொன்றார்கள்? அதற்கான பதிலில் பாதியை அந்தப் பாதிரியாரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஸ்பானியர்கள் 1769இல் வந்தார்கள். ரஷ்யர்கள் வடக்கேயிருந்து இறங்கிவிடுவார்களோ என்கிற பயம் அரசாங்கத்துக்கு. ஆன்மாக்களை அறுவடை செய்யும் ஆவேசம் ஹூனிபெரோ செர்ராவுக்கு. குமெயாய் ஊர் ஒன்றுக்கு மேலே, ஒரே குன்றில், கோட்டையும் கோயிலும் எழும்பின. யாரைக் கேட்டு? ஒரே மாதத்தில் முதல் தாக்குதல் நடந்தது.

1772 அக்டோபரில் ஹைமே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். சிப்பாய்கள் ஊருக்குள் புகுந்து பெண்களைக் கெடுக்கிறார்கள். அவங்க மாடு, குதிரை எல்லாம் ஜனங்களின் பயிரை மேய்ந்து அழிக்கிறது. கெடுக்கப்பட்ட ஒருத்தி, பிறந்த பிள்ளையைக் கொன்றேவிட்டாள். இவ்வளவும் அதில் இருக்கிறது. அந்தப் பெண்களின் வலி, ஒரு ஸ்பானியப் பாதிரியின் எழுத்து வழியாகத்தான் நமக்கு வந்து சேருகிறது.

தீர்வு என்ன தெரியுமா? 1774இல் மிஷனை ஆறு மைல் உள்ளே தள்ளி வைத்தார்கள். கோட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. புது மிஷனுக்கும் காவலுக்குச் சில சிப்பாய்கள் கூடவே போனார்கள். போன இடமும் சும்மா கிடந்த நிலமில்லை. நிபாகுவை என்கிற குமெயாய் ஊர். மிஷன்களின் சட்டப்படி, ஞானஸ்நானம் வாங்கியவர் அனுமதியில்லாமல் ஓடினால் சிப்பாய் பிடித்து வருவான், பிறகு சவுக்கடி. சான் டியாகோவில் மட்டும் விளைச்சல் போதாததால் பலர் தங்கள் ஊரிலேயே குடியிருந்தார்கள். அதனால்தான் ஊர்கள் கூடிப் பேச முடிந்தது என்று நினைக்கிறேன். ஞானஸ்நானம் பெற்றவர்களும் பெறாதவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் அன்று திரண்டார்கள்.

தலைவர்களில் ஒருவராகச் சொல்லப்பட்ட கார்லோஸ், 1776இல் கோட்டைக்குள்ளிருந்த தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார். தளபதி ரிவேரா அவரை வெளியே இழுத்தார். பாதிரிகள் தளபதியையே சபை நீக்கம் செய்தார்கள். ஒரு குமெயாய்க்காகவா, தேவாலயத்தின் உரிமைக்காகவா? எனக்கு இரண்டாவதுதான் படுகிறது.

1830களில் மிஷன்கள் கலைக்கப்பட்டபோது நிலத்தில் ஒரு பங்கு பூர்வகுடிகளுக்கு என்று சட்டம் சொன்னது. சான் டியாகோ மிஷன் நிலம் 1846இல் போய்ச் சேர்ந்தது சாந்தியாகோ ஆர்குவேயோவிடம். அவர் அதே கோட்டையின் பழைய தளபதி.