முதல் சுருட்டும் டெலியின் மேலிலையும்



தமிழ்மொழி விழா வந்துவிட்டால் நம் பள்ளிகளில் தவறாமல் இடம்பெறும் ஒரு கண்காட்சிப் பலகை உண்டு. ஆங்கிலம் தமிழிடமிருந்து கடன் பெற்ற சொற்களின் பட்டியல் அது. கட்டுமரம் ‘கெட்டமரான்’ ஆயிற்று. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடாவ்னி’ ஆயிற்று. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. மலாய்மொழியில் நாம் அன்றாடம் கேட்கும் ‘செருத்து’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். மாணவர்கள் பெருமையோடு படிப்பார்கள். நாமும் கைதட்டுவோம். சொல் பயணம் செய்த கதையைச் சொல்லும் நாம், பொருள் பயணம் செய்த கதையைச் சொல்வதில்லை.

அண்மையில் ஒரு பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். அவருடைய மூத்த மகன் பல்கலைக்கழகத்தில் பயில்கிறான். “சிகரெட்தான் கெடுதல், சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை. புதிதாகத் தொடங்குபவர் எந்தச் சுருட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றானாம். “ஐயா, திட்டினால் கேட்கிற வயதில்லை. என்ன சொல்வது?” என்று வினவினார். நான் மருத்துவன் அல்லன், ஆசிரியன். எனக்குத் தெரிந்த வழி வரலாறு. எனவே அந்த இளைஞனின் கேள்வியையே பிடித்துக்கொண்டு சற்றுப் பின்னோக்கி நடப்போம்.

இலை வந்த வழி

1492 ஆம் ஆண்டு கொலம்பஸ் கியூபாக் கரையை அடைந்தபோது, அவர் அனுப்பிய இருவர் அங்குள்ள மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டனர். அடுத்த நூறாண்டுகளில் போர்த்துகீசியக் கப்பல்கள் அவ்விலையை நம் கடற்கரைகளுக்குக் கொண்டுவந்தன. புதிய பொருளுக்குத் தமிழன் தயங்காமல் ‘புகையிலை’ என்று காரணப்பெயர் சூட்டினான். சீனிச்சர்க்கரைப் புலவர் ‘புகையிலை விடு தூது’ என்று ஒரு சிற்றிலக்கியமே பாடினார். அந்நூலை உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தார். அந்நிய இலை எவ்வளவு விரைவில் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பின்னர்த் திருச்சிராப்பள்ளியும் திண்டுக்கல்லும் யாழ்ப்பாணமும் சுருட்டுக்குப் பெயர் பெற்றன. 1887 இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், சாம்பலை மட்டும் பார்த்தே கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று அந்தத் துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். இலண்டன் வாசகருக்கு நம் ஊர்ப் பெயர் அந்த அளவுக்குப் பழகியிருந்தது.

தொடக்கக்காரரின் தேர்வு

சுருட்டு விற்பவர்கள் புதியவருக்குச் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: மென்மையானதிலிருந்து தொடங்குங்கள், வெளிர்நிறத்ததாகப் பாருங்கள், பெரிதாக எடுக்காதீர்கள், வெறும் வயிற்றில் புகைக்காதீர்கள்.

இதன் பொருளைப் புரிந்துகொள்ளச் சுருட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையால் செய்யப்படும் சுருட்டில் மூன்று அடுக்குகள் உள்ளன. நடுவில் நிரப்பப்படும் உள்ளிலை. அதைப் பிடித்து வைக்கும் கட்டிலை. எல்லாவற்றிற்கும் வெளியே போர்த்தப்படும் மேலிலை. சுருட்டின் கடுமை பெரும்பாலும் உள்ளிலையைப் பொறுத்தது. ஆனால் வாங்குபவரின் கண்ணில் படுவது மேலிலை மட்டுமே. கிழிசலும் கறையும் இல்லாத, பட்டுப்போல் மெல்லிய, வெளிர் பழுப்பான மேலிலைதான் ‘இது மென்மையானது, நயமானது’ என்ற நம்பிக்கையைத் தருகிறது. ஆகவே புகையிலை வணிகத்தில் எடைக்கு எடை மிகுந்த விலை பெற்றது மேலிலையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் தலைசிறந்த மேலிலை எங்கே விளைந்தது தெரியுமா? நமக்கு மிக அருகில்!

பினாங்கின் எதிர்க்கரையில்

பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்தால் சுமத்ராவின் கிழக்குக் கரை. அங்கே டெலி என்னும் பகுதியில் 1863 இல் யாக்கோப் நீன்ஹாயிஸ் என்ற டச்சுக்காரர் வந்து இறங்கினார். டெலி சுல்தானிடம் நிலம் பெற்றுப் புகையிலை பயிரிட்டார். அம்மண்ணில் விளைந்த மெல்லிய இலை ஐரோப்பியச் சந்தையை வியக்க வைத்தது. 1869 இல் ‘டெலி மாட்ஸ்சாப்பை’ என்னும் நிறுவனம் தோன்றியது. காடுகள் அழிந்தன, தோட்டங்கள் பெருகின, மேடான் நகரம் எழுந்தது.

வேலைக்கு ஆள் வேண்டுமல்லவா? பினாங்கு, சிங்கப்பூர் வழியாகச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டனர். பின்னர் ஜாவாவிலிருந்து பெருந்திரளாக மக்கள் வந்தனர். தமிழரும் சென்றனர். புகையிலைச் செடியைக் கவனிக்கும் வேலை பெரும்பாலும் சீனர்களுடையது. மாட்டுவண்டி ஓட்டுவதும் சாலையும் வடிகாலும் அமைப்பதும் தமிழர்களின் பங்கு. மேடானில் ‘கம்போங் கெலிங்’ என்று வழங்கிய பகுதி இன்று ‘கம்போங் மெட்ராஸ்’ எனப்படுகிறது. 1884 இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் அங்கே இன்றும் நிற்கிறது. மலாயாவின் இரப்பர்த் தோட்டத் தமிழரைப் பற்றி ஓரளவு பேசுகிறோம். அக்கரையில் சுருட்டின் மேலிலைக்காக உழைத்த தமிழரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

அவர்கள் உழைத்த சூழல் கொடியது. 1880 இல் டச்சு அரசு கொண்டுவந்த கூலிச் சட்டத்தின்படி, ஒப்பந்தத் தொழிலாளி வேலையைவிட்டு ஓடினாலோ பணிய மறுத்தாலோ அது குற்றம்; சிறையும் தண்டனையும் உண்டு. 1902 இல் மேடானில் வழக்கறிஞராக இருந்த வான் டென் பிராண்ட் என்பவர், தொழிலாளர் பட்ட அடிகளையும் அவமானங்களையும் விவரித்து, டெலி ஈட்டித் தந்த மில்லியன்களைத் தலைப்பாக வைத்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். அரசு ரெம்ரெவ் என்ற அதிகாரியை விசாரணைக்கு அனுப்பியது. அவருடைய அறிக்கை அந்தக் குற்றச்சாட்டுகளை மெய்ப்பித்தது. மெய்ப்பித்ததாலேயே அது பூட்டி வைக்கப்பட்டது. 1987 இல்தான் ஆய்வாளர் யான் பிரேமன் அதை அச்சில் வெளிக்கொணர்ந்தார். எண்பது ஆண்டுகளுக்கும் மேலான மௌனம்!

விதையும் சட்டமும்

கதை இன்னும் முடியவில்லை. சுமத்ரா மேலிலையை அமெரிக்கரும் பெருமளவில் வாங்கினர். அதனுடன் போட்டியிட விரும்பிய கனெடிகட் மாநில விவசாயிகள், 1900 இல் சுமத்ரா விதையையே கொண்டுவந்து, துணிப்பந்தல் நிழலில் வளர்த்துப் பார்த்தனர். முயற்சி பலித்தது. புதியவர்களுக்கு ‘மென்மையானது’ என்று இன்று பரிந்துரைக்கப்படும் சுருட்டுகள் பலவற்றில் ‘கனெடிகட்’ என்னும் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதற்குத் தொடக்கம் அந்தத் துணிப்பந்தல்தான்.

1930 இல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் இயற்றியது. தண்டனை அச்சுறுத்தலின்கீழ் வேலை வாங்கப்படும் ஒப்பந்தத் தொழிலாளர் உற்பத்தி செய்த பொருள்களை 1932 முதல் இறக்குமதி செய்ய அது தடை விதித்தது. அதில் ஒரு விலக்கும் இருந்தது. அமெரிக்காவில் போதிய அளவு விளையாத பொருளுக்குத் தடை இல்லை. இரப்பர் அங்கே விளைவதில்லை. ஆகவே அது தப்பித்தது. புகையிலையோ அங்கே விளைந்தது. மனிதநேயர்கள் முப்பது ஆண்டுகள் கதறியும் அசையாத டெலி புகையிலை முதலாளிகள், சந்தை போய்விடும் என்றவுடன் தண்டனை முறையைக் கைவிட முன்வந்தனர்.

இந்த நிகழ்வை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தொழிலாளியின் கண்ணீர் செய்யாததை வாங்குபவரின் மறுப்பு செய்துவிட்டது. வாங்குபவர் ஆற்றல் அற்றவர் அல்லர் என்பதே இங்குப் பாடம்.

உடலின் கணக்கு

இனி, “புகையை உள்ளே இழுப்பதில்லை” என்ற வாதத்திற்கு வருவோம். சிகரெட் புகையைவிடச் சுருட்டுப் புகை காரத்தன்மை மிக்கது. ஆகவே நுரையீரலுக்குப் போகாமலே நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வருவதற்குச் சுருட்டு காரணமாகிறது. உள்ளே இழுக்காதவருக்கும் அந்த ஆபத்து உண்டு. மேலிலை வெளிர்நிறமாக இருப்பதால் இக்கணக்கு மாறுவதில்லை.

சட்டங்களும் இறுகி வருகின்றன. சிங்கப்பூரில் 2021 ஜனவரி 1 முதல் 21 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்கக்கூடாது. மலேசியாவில் புகைபொருள் கட்டுப்பாட்டுக்கான 852 ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆயினும் சட்டம் வாசலில் நிற்கும் காவலன் மட்டுமே. வீட்டிற்குள் பேச வேண்டியவர்கள் நாம்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

அந்தப் பெற்றோரிடம் நான் சொன்னது இதுதான்: “மகனிடம் ‘கூடாது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் கையில் எடுக்க நினைக்கும் அந்த மெல்லிய மேலிலையின் கதையைச் சொல்லுங்கள். எதிர்க்கரையில் வண்டியோட்டிய தமிழனைப் பற்றியும், பூட்டி வைக்கப்பட்ட அறிக்கையைப் பற்றியும் சொல்லுங்கள். எதில் தொடங்கலாம் என்ற கேள்விக்கு, தொடங்காமலிருப்பதும் ஒரு தேர்வுதான் என்பதை அவனே கண்டுகொள்ளட்டும்.” கேட்பானா என்று உறுதி கூற இயலாது. ஆனால் அறிவுள்ள பிள்ளைக்கு அறிவோடு பேசுவதே மரியாதை.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை அந்தப் பலகையைத் தயாரிக்கும்போது ‘செரூட்’ என்ற சொல்லை நீக்கிவிட வேண்டாம். அது நம் மொழியின் செல்வம். அதன் அருகே மலாக்கா நீரிணையின் சிறிய வரைபடம் ஒன்றை ஒட்டுங்கள். பினாங்கிலிருந்து மேடானுக்கு ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோடு எதற்கு என்று ஒரு மாணவனாவது கேட்பான். அவனுக்கு விடை சொல்ல நாம் ஆயத்தமாக இருப்போம்.

உங்கள் பள்ளிகளில் இதைச் செய்து பார்த்தால், மாணவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை எனக்கும் எழுதுங்கள்.