சரக்கொன்றை வாங்கப் போறீங்களா? முதல்ல இலையைப் பாருங்க!

சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போது, இலைகளை உதிர்த்துவிட்டு மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்பது சரக்கொன்றை. நம்ம மண்ணின் மரம்தான். கேரளாவின் மாநில மலர், தாய்லாந்தின் தேசிய மலர் எல்லாம் இதுவே. தண்ணீர் கஷ்டம் உள்ள வீடுகளுக்கு ஏற்ற மரம். ஆனால், வளர்ப்பதைவிட வாங்கும்போதுதான் அதிக கவனம் வேணும்.

ஏன் கவனம்?

'மஞ்சள் கொன்றை' என்ற பெயரில் இன்னொரு மரமும் இருக்கிறது. பெயர் சென்னா ஸ்பெக்டாபிலிஸ், பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, புல்லையும் நாட்டு மரங்களையும் வளரவிடாமல் செய்கிறது. வெட்டினாலும் துளிர்த்துவிடும். இதை அகற்றி காகிதக் கூழுக்கு அனுப்பும் வேலையில் வனத்துறை இறங்கியிருக்கிறது. அதையே நாம காசு கொடுத்து வாங்கி வீட்டு வாசலில் வைக்கலாமா?

எப்படி கண்டுபிடிப்பது?

சரக்கொன்றையில் பூங்கொத்து சரம் சரமாகக் கீழே தொங்கும், பெயரே அதனால்தான். அந்நியக் கொன்றையில் கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். கன்றில் பூ இருக்காதே என்கிறீர்களா? இலையைப் பாருங்க. சரக்கொன்றையின் ஒரு காம்பில் பெரிய சிற்றிலைகள், 4 முதல் 8 ஜோடி வரை இருக்கும். மற்றதில் சிற்றிலைகள் சின்னதாக, 10 ஜோடிக்கு மேலும் இருக்கும்.

இதைவிட நிச்சயமான வழி, சரம் தொங்குவதைக் கண்ணால் பார்த்த மரத்திலிருந்து விதை எடுப்பது. கறுத்த தடி மாதிரி, ஒன்று முதல் இரண்டு அடி நீளக் காயை உடைத்தால் விதை கிடைக்கும். தோல் ரொம்பக் கெட்டி. உப்புத்தாளில் ஓரத்தைத் தேய்த்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும்.

நடுவது எப்படி?

ஐப்பசி மழை தொடங்கும்போது, 2 அடி குழியில் நடலாம். சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். 30 அடிகூட வளரும் என்பதால் மேலே மின்கம்பி போகுதான்னும் பாருங்க. நல்ல வெயில் வேணும், தண்ணீர் தேங்கக் கூடாது. முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும், பிறகு மழையே பார்த்துக்கொள்ளும். விதையிலிருந்து வளர்த்தால் பூவுக்குச் சில வருஷம் காத்திருக்க வேண்டும்.

இலையைப் பச்சைப் புழு அரித்தால் மருந்து அடிக்காதீங்க. பெரும்பாலும் அது வெளிர் மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழுதான், இலை மறுபடி துளிர்த்துவிடும். காய் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: உள்ளிருக்கும் கருப்புச் சதை பேதியாகும், குழந்தைகள் எடுத்துச் சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.