ஏஐ புத்தகமா, புரோகிராமிங் புத்தகமா?

செயற்கை நுண்ணறிவு (சுருக்கமாக ஏஐ) படிக்க முதலில் எந்தப் புத்தகம் வாங்குவது? புரோகிராமிங் புத்தகமா, ஏஐ புத்தகமா? நம்ம வகுப்பில் தீராத சண்டை இது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே புத்தகமாகவே இருந்தது தெரியுமா?

1958-ல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை உருவாக்கத் தொடங்கினார். எண்களை அல்ல, சொற்களையும் பட்டியல்களையும் கையாளும் மொழி. ஏஐ ஆட்களுக்கு வேண்டியதும் அதுதான். பேட்ரிக் வின்ஸ்டன் 1977-ல் எழுதிய ஏஐ பாடநூலுக்குள்ளேயே லிஸ்ப் பாடமும் இருந்தது. பிறகு 1981-ல் பெர்த்தோல்டு ஹார்னுடன் சேர்ந்து லிஸ்புக்குத் தனிப் புத்தகமே போட்டார்.

1985-ல் வந்தது ஏபெல்சன், சஸ்மன் தம்பதியர் எழுதிய ஊதா அட்டைப் புத்தகம். சுருக்கமாக 'எஸ்.ஐ.சி.பி.' என்பார்கள். லிஸ்பின் கிளைமொழியான ஸ்கீமில் பாடம். பெயரில் ஏஐ இல்லை. ஆனால் வகைக்கெழு காணும் நிரல், கேள்விக்குத் தர்க்கப்படி விடை தேடும் நிரல் எல்லாம் உள்ளே உண்டு. எம்.ஐ.டி. மாணவர்களுக்கு இதுதான் புரோகிராமிங் அரிச்சுவடி! (கணக்கு பிடிக்காதவர்கள் பாவம்.)

எனக்குப் பிடித்தது பீட்டர் நார்விக் 1992-ல் எழுதிய லிஸ்ப் புத்தகம். எலைசா, ஸ்டூடண்ட் போன்ற 1960-களின் நிரல்களை நம் கையாலேயே திரும்பக் கட்ட வைக்கிறார். எலைசா மனிதரைப்போல் பேசிய ரகசியம் சில பக்கங்களில் உடைந்துவிடும்.

பிரிவு வந்தது 1995-ல். ஸ்டூவர்ட் ரசலும் நார்விக்கும் எழுதிய பெரிய ஏஐ பாடநூலில் எந்த மொழியையும் சாராத போலிநிரல்தான் அச்சானது. லிஸ்ப் நிரல்கள் இணையத்துக்குப் போயின. போலிநிரலுக்கும் லிஸ்புக்கும் முடிச்சுப் போட முடியாமல் மாணவர்கள் திணறினார்கள். ஜாவாவுக்கு மாற்றலாமா என்று யோசித்த நார்விக், தன் போலிநிரலுக்கு மிக நெருக்கமாக இருப்பது பைத்தான் என்று கண்டார். எம்.ஐ.டி.யும் 2000-களின் கடைசியில் முதலாண்டுப் பாடத்தில் ஸ்கீமை விட்டுப் பைத்தானுக்கு மாறியது.

ஆக, 1995-க்குப் பிந்தைய ஏஐ புத்தகம் புரோகிராமிங் சொல்லித்தராது. தெரியும் என்றே வைத்துக்கொள்ளும். நிரல் எழுதிப் பழகாதவர் ஆயிரம் பக்கம் தாண்டும் ரசல்-நார்விக்கை முதலில் வாங்கினால் அது மேசைமேல்தான் இருக்கும். என் ஓட்டு: எஸ்.ஐ.சி.பி.யில் முதல் இரண்டு அத்தியாயம், பிறகு 1992 நார்விக்கில் எலைசா அத்தியாயம். இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. காசை அதற்குப் பிறகு செலவழிக்கலாம்.