பீப்பாயில் ஏறி வந்த முட்டை

ஏடிஸ் ஈஜிப்தி கொசு முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி நனைந்ததும் பொரிக்கும். கடல் கடக்க இந்த ஒரு குணம் போதும். ஆப்பிரிக்காவில் தோன்றிய இந்தக் கொசு, அடிமைக் கப்பல்களின் குடிநீர்ப் பீப்பாய்களில் அமெரிக்கக் கரைக்குப் போனது. ஆசியத் துறைமுகங்களில் அது வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டில் என்பது மரபணு ஆய்வாளர்களின் கணிப்பு.

கப்பலிலேயே கொசு பெருகியதால், அது பரப்பும் டெங்கு, சிக்குன்குனியா போன்ற காய்ச்சலும் கூடவே வந்தது. பாய்மரப் பயணம் வாரக்கணக்கில் நீளும். நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் தங்குவதோ சில நாள்தான். மாலுமிக்கு மாலுமி கொசு கடத்திக்கொண்டே வந்தால் ஒழிய, அந்த வைரஸ் மறுகரையை உயிரோடு பார்த்திருக்காது.

இந்தப் பழைய பயணத்தைத் துப்புத் துலக்கியவர் வேலூரில் வேலை பார்த்த வைரஸ் ஆய்வாளர் டொனால்ட் கேரி. 1964இல் வேலூரில் சிக்குன்குனியா பரவியபோது டெங்குவும் கூடவே சுற்றியது. அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரூத் மையர்ஸும் கேரியும் ஒரே நோயாளியின் உடலிலிருந்து இரண்டு வைரஸ்களையும் பிரித்தெடுத்து, 1967இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். இரண்டையும் அருகருகே பார்த்த கண்ணோடு கேரி பழைய மருத்துவர்களின் குறிப்புகளைப் புரட்டினார். 1823இல் சான்சிபாரிலும் அடுத்த ஆண்டு இந்தியாவிலும் ‘டெங்கு’ என்று பின்னாளில் சொல்லப்பட்ட காய்ச்சலில், மூட்டுவலி நோயாளியை லேசில் விடவில்லை. அது டெங்குவின் சுபாவம் அல்ல, சிக்குன்குனியாவின் சுபாவம் என்று 1971இல் வாதிட்டார். அன்று அது சரித்திரப் பிரியர்களுக்கான கட்டுரையாகத் தோன்றியிருக்கலாம். 2013இல் கரீபியத் தீவுகளில் சிக்குன்குனியா இறங்கியதும், இது அங்கே புதிதல்ல, திரும்பி வந்த விருந்தாளி என்று காட்ட ஆய்வாளர்கள் கேரியைத்தான் எடுத்து வைத்தார்கள். மூட்டைப் பிடித்துப் பார்த்துச் சொன்ன சரித்திரம் அது. ஆய்வகத்துக்கு வெளியே அவர் செய்த பெரிய வேலை அதுவே என்பேன்.

நம் கரையில் தூத்துக்குடியும் இந்த முட்டைக்கு வாகான ஊர். 1876இல் ரயில் வந்தது. ரயிலில் இறங்கியவர்கள் கொழும்புக் கப்பல் ஏறினார்கள். மழை குறைவு. தாமிரபரணித் தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்துவைத்தே பழகிய வீடுகள். துறைமுகத்துக்கென்று சர்வதேச விதி ஒன்று உண்டு: கப்பலும் சரக்கும் கையாளும் இடத்தைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டருக்கு நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த வேண்டும். சரி, 401ஆவது மீட்டரில் இருக்கும் டிரம்?

நல்ல தண்ணீரில் மட்டுமே இந்தக் கொசு வளரும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம். அதை உடைத்தவர்கள் எதிர்க்கரைத் தமிழர்கள். ரஞ்சன் ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் குழுவினரும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தேடி, கைவிடப்பட்ட மீன்பிடிப் படகுகளிலும் பயன்படாத கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில் ஏடிஸ் புழுக்களைக் கண்டு 2011இல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 15 கிராம் உப்பு வரை தாங்கின அவை. கடல்நீரில் இருப்பது ஏறத்தாழ 35 கிராம். உவர்நீரில் பழகிய புழுக்களின் மேல்தோல் தடித்து, தொட்டிகளில் நாம் ஊற்றும் அபேட் மருந்துக்கு அவை எளிதில் மடிவதில்லை என்பதும் பிறகு தெரிந்தது.

மன்னார் வளைகுடாவின் இரு கரைக்கும் முத்துப்பார்கள் பொது, படகுகள் பொது, உவர்நீர் பொது. நம் கரையில் டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வீடுவீடாக வந்து தொட்டியைத் திறந்து பார்க்கிறார்கள், நல்லது. கரையில் கிடக்கும் பழைய வள்ளமும் ஓட்டை பைபர் படகும் அவர்கள் பட்டியலில் ஏற வேண்டும். படகுக்காரர்கள் அதுவரை காத்திராமல், ஓடாத படகைக் கவிழ்த்துப் போட்டுவிடுங்கள்.