கொங்கு நாட்டுச் சிற்றூர்களும் கட்டணமிலா ஒளிபரப்பும்

வானில் விடப்படும் ஒலியும் ஒளியும் எல்லார்க்கும் பொது என்பர். அப்பொதுமை கொங்கு நாட்டுச் சிற்றூர்களை எவ்வாறு சென்றடைந்தது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. சென்றடைதற்கு மூன்று வேண்டும்: அலை எட்டுதல், கருவி வாய்த்தல், மொழி விளங்குதல். இவற்றுள் ஒன்று வாய்த்த காலத்துப் பிறிதொன்று குறைந்தே வந்தது என்பது நம் கருத்து.

தொலைக்காட்சிக்கு முன்னோடி வானொலி. சென்னை நிலையம் 1938-இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-இலும் தோன்றின. கோவை நிலையமோ 1966 திசம்பர்த் திங்களிலேயே பிறந்தது. கோவைத் தொழிலறிஞர் கோ. துரைசாமி நாயுடு, ஐந்து குழல் வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என 1941-இல் அறிவித்தார். ஆயினும் உழவர் பலர்க்குப் பெட்டி கைக்கெட்டாப் பொருளாகவே இருந்தது. அக்குறையை ஓரளவு போக்கியது ஊராட்சி மன்றத்துப் பொது வானொலி. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஓர் ஒலிபெருக்கி, ஊரார் கேட்டனர். தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல், வானொலி வழியே பரவியமையால் 'ரேடியோ நெல்' எனப் பெயர் பெற்றமை, பொதுக் கேட்பின் ஆற்றலுக்குச் சான்றாம்.

தொலைக்காட்சியின் வரலாறு வேறு. 1975 ஆகஸ்டு முதல் நாள், செயற்கைக் கோள் வழிக் கல்வி ஒளிபரப்பு ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொடங்கிற்று. ஆந்திரமும் கருநாடகமும் அவற்றுள் அடங்கின, தமிழ்நாடு அடங்கவில்லை. அத்திங்கள் 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தோன்றிற்று. ஆயின் இவ்வலை ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்லும் இயல்பினது. நிலவுருண்டையின் வளைவும் மலைகளும் அதனைத் தடுக்கும். ஆகலின் சென்னைத் தமிழ் நிகழ்ச்சி நெடுந்தொலைவிலுள்ள கொங்கு நாட்டை நேரே எட்டவில்லை.

1984-ஐ ஒட்டி நாடெங்கும் குறைந்த ஆற்றல் அஞ்சல் நிலையங்கள் விரைந்து நிறுவப்பட்டன. இவை இன்சாட் செயற்கைக் கோள் வழித் தில்லி நிகழ்ச்சிகளையே பெற்று அஞ்சல் செய்தன. அலை எட்டியது, மொழி எட்டவில்லை. இந்தியும் ஆங்கிலமும் அறியாத உழவர்க்கு அது படம் மட்டுமே ஆயிற்று. கொடைக்கானல் மலைமேல் எழுந்த உயர் கோபுரம் சென்னைத் தமிழ் நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்யத் தொடங்கிய பின்னரே, அதனை நோக்கி உயர்ந்த கம்பம் நட்டோர் தம் மொழியில் தொலைக்காட்சி கண்டனர். மலை மறைவில் அமைந்த ஊர்கட்கு அதுவும் அரிதே.

கருவியை நோக்குவோம். ஊராட்சிகளிற் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் வைக்கப்பட்டன. ஆயின் ஒலிபெருக்கியின் ஒலி தெருவைக் கடந்து செல்லும். ஒளி அவ்வாறு செல்லாது. காண்போன் பெட்டியிருக்கும் இடத்திற்கு வந்து, பிறரோடு ஒருங்கு அமர்தல் வேண்டும். இரட்டைக் குவளை வழக்கம் நிலவிய ஊர்களில் அவ்விடம் எத்தெருவில் அமைந்தது, யார் தடையின்றி அமர்ந்தனர் என்னும் வினாக்கள் எழாமற் போகா. பொதுவில் வைத்தது எல்லாம் பொதுவாகிவிடாது.

2006 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு இல்லந்தோறும் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கத் தொடங்கியது. சிற்றூர்ப் பெண்டிர்க்குப் பொழுதுபோக்கும் பொது அறிவும் கிட்டுதல் அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. இதனை இலவசமென இகழ்ந்தோர் பலர். நாம் கருதுவது வேறு: பிறர் வாயிலில் நின்று காணும் நிலையை அப்பெட்டி நீக்கிற்று. ஆயின் 1993 முதல் வளர்ந்த தனியார் தமிழ் அலைவரிசைகள் கம்பி வழியே திங்கட் கட்டணத்திற்கே வந்தன. பெட்டி இலவசம், காட்சிக்கோ விலை. அவ்விலையைக் குறைத்தற்கே அரசு கேபிள் நிறுவனம் 2007-இல் அமைக்கப்பட்டு, 2011-இல் திங்களுக்கு 70 ரூபாய் என்னும் கட்டணத்தோடு புத்துயிர் பெற்றது.

கட்டணமிலா வழி ஒன்றும் உண்டு. 2004 திசம்பரில் தூர்தர்சன் தொடங்கிய, இன்று 'ஃப்ரீ டிஷ்' எனப்படும் பணிக்குத் திங்கட் கட்டணம் இல்லை. மலை மறைவும் அதனைப் பெரிதும் தடுப்பதில்லை. ஆயின் தட்டும் பெட்டியும் காண்போனே வாங்குதல் வேண்டும். 2021-22-இல் நாட்டின் பழைய தரைவழி அஞ்சல் நிலையங்கள் சிலவொழிய மூடப்பட்டன. வெறும் கம்பத்தாற் படம் பெற்ற எளியோன், தட்டு வாங்கினாலன்றி ஏதும் பெறான் என்னும் நிலை இதனால் உண்டாயிற்று. மாற்றத்தின் செலவு காண்போன் தலைமேல் ஏறியது.

வான் அலைகள் பொதுச் சொத்து என உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 1990-இன் பிரசார் பாரதிச் சட்டமோ வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்கும் தனிக் கருத்துச் செலுத்துதலை ஒலி, ஒளிபரப்பின் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. பொதுச் சொத்தாயின் கடையூரானுக்கும் அதில் பங்குண்டு. எத்துணைக் கோபுரங்கள் எழுந்தன என்பதன்று, அலை, கருவி, மொழி மூன்றும் ஒரே இல்லத்திற் கூடினவா என்பதே அப்பங்கை அளக்கும் கோல் என்பது இவ்வாராய்ச்சியின் முடிபு.