காண்பது கண்ணா, மூளையா?

திண்டுக்கல் பேகம்பூரில் மக்தபுக்குச் செல்லும் சிறுவன், முதலில் அலிஃபையும் பாவையும் தனித்தனியே நோக்கி எழுத்துக்கூட்டி ஓதுகிறான். சில ஆண்டுகளில் சொல்லைக் கண்ட மாத்திரத்தில் வாசித்துவிடுகிறான். அவனது கண்ணில் மாற்றமில்லை, மாறியது எது?

இதே எடுத்துக்காட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கையாண்டவர் இப்னுல் ஹைஸம். ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸ்ராவில் பிறந்த இவர், கெய்ரோவில் வாழ்ந்தபோது எழுதிய 'கிதாபுல் மனாளிர்' ஏழு பாகங்களைக் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதே பார்வை என்று யூக்ளிடு முதலானோர் கருதினர். கடும் ஒளி கண்ணை வருத்துவதைச் சுட்டிக்காட்டிய இப்னுல் ஹைஸம், பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் நுழைகிறது என்று நிறுவினார். அத்துடன் அவர் நிற்கவில்லை. எழுத்தறிந்தவர் 'அப்ஜத்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டாமலே அறிகிறார். பழக்கமும் நினைவும் கணநேரத்தில் தீர்ப்பளிக்கின்றன என்றும் விளக்கினார். கண் பெறுகிறது, உள்ளம் அறிகிறது என்பதே இதன் சாரம்.

அவரும் பிழைக்கு அப்பாற்பட்டவரல்லர். ஒளியை உணரும் உறுப்பு கண்ணின் பளிங்குப் பகுதியே என்று அவர் எண்ணினார். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்பதை 1604இல் கெப்ளர் விளக்கினார். அந்தக் கெப்ளருக்கு முன்னிருந்தது, இப்னுல் ஹைஸமின் நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு வளர்ந்த மரபேயாகும்.

இன்று நாம் அறிவது இது: விழித்திரையில் ஒளியுணரும் உயிரணுக்கள் பன்னிரண்டு கோடிக்கும் மேல். அவற்றின் செய்தி சுமார் பத்து இலட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பின் வழியே செல்கிறது. இரு கண்களின் நரம்புகளும் சந்திக்குமிடத்தில் பாதியளவு இழைகள் எதிர்ப்பக்கம் கடந்து, இறுதியில் மூளையின் பின்புறத்தை அடைகின்றன. நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணர்வே இல்லை. எனினும் நாம் உலகில் ஓட்டையைக் காண்பதில்லை. மூளை அதை நிரப்பிவிடுகிறது.

பிறவியிலேயே பார்வையற்றவர் பின்னர் பார்வை பெற்றால், தடவி அறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும் கண்ணால் வேறுபடுத்துவாரா? 1688இல் மாலினெக்ஸ் என்ற அயர்லாந்து அறிஞர் எழுப்பிய இவ்வினாவுக்கு இந்தியாவிலேயே விடை கிட்டியது. சிகிச்சையால் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐவரைப் பவன் சின்ஹாவின் குழு ஆராய்ந்து, முடிவுகளை 2011இல் வெளியிட்டது. கையால் அறிந்ததைக் கண்ணால் அவர்கள் உடனே அடையாளம் காணவில்லை. ஆயினும் சில நாட்களிலேயே அத்திறன் கூடத் தொடங்கியது. பார்வை கற்கப்படுவது என்பது மெய்யாயிற்று.

ஆனால் கற்பதற்கும் பருவமுண்டு. இளமையில் காட்சி மறைக்கப்பட்டால் மூளையின் பார்வைப் பகுதி முறையாக வளராது என்பதைக் காட்டிய ஹூபெலும் வீசெலும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர்.

இங்குதான் வரலாறு நம் வாசலுக்கு வருகிறது. இப்னுல் ஹைஸமின் காலத்திலேயே எகிப்தில் அம்மார் அல் மவ்ஸிலி உட்துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சியெடுக்கும் முறையை எழுதிவைத்தார். நம் பகுதியில், டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தின் பகுதியே. தனி மாவட்டமானது 1985இல்தான். எனவே சிகிச்சை நமக்குத் தொலைவில் இல்லை. தொலைவில் இருப்பது நம் விழிப்புணர்வே.

முதியவரின் கண்புரை சில காலம் பொறுக்கும். பச்சிளங்குழந்தையின் புரை பொறுக்காது. அடர்ந்த பிறவிப் புரையைப் பிறந்த முதல் இரு மாதங்களை ஒட்டியே அகற்றுவது நலம். குழந்தையின் பாவையில் வெண்மை தெரிந்தாலோ, விளக்கொளியை அது பின்தொடரவில்லையென்றாலோ, "வளர்ந்தால் சரியாகும்" என்று காத்திருத்தல் தவறு. விதியென்று அமைதல் அதனினும் தவறு. தாமதமான சிகிச்சையும் பயன் தரும். ஆயினும் இழந்த பருவம் முழுமையாக மீளாது.

அலிஃபை அடையாளம் காண உள்ளம் பழக வேண்டும் என்றார் இப்னுல் ஹைஸம். அதற்கு முன் அந்த அலிஃப் கண்ணுக்குள் சென்று சேர வேண்டும். அதற்கு வழி திறந்துவைப்பது பெரியவர்களாகிய நம் கடமையாகும்.