ஒரு பெயருக்காக எரிந்த வீடுகள்: ஷாம்பெயின் கதை

புத்தாண்டு விருந்துகளில் நுரை பொங்கத் திறக்கும் பாட்டிலை டிவியில் எல்லோரும் பார்த்திருப்போம். நுரைக்கும் ஒயின் எதுவானாலும் ஷாம்பெயின் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு வட்டாரத்தின் பெயர். பாரீஸுக்குக் கிழக்கே, ரீம்ஸ், எப்பெர்னே நகரங்களைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மண்ணில் விளைந்த திராட்சையில், அங்கேயே செய்தால்தான் அந்தப் பெயர் செல்லும்.

திராட்சையில் முக்கியமானவை மூன்று: பினோ நுவார், மெனியே, ஷார்டொனே. முதல் இரண்டும் கறுப்புத் தோல் உள்ளவை. தோலின் நிறம் இறங்காதபடி மெதுவாகப் பிழிவார்கள். ஒயின் ஆன பிறகு, சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் பாட்டிலிலேயே மறுபடி நொதிக்க விடுவார்கள். அப்போது வெளியேற வழியில்லாமல் அடைபடும் வாயுதான் அந்த நுரை. சாதாரண ரகமே குறைந்தது 15 மாதம் பாட்டிலில் இருந்த பிறகுதான் விற்பனைக்கு வரும்.

வணிகவியல் படித்தவர்களுக்குக் 'குட்வில்' தெரியும்: பெயருக்குள்ள மதிப்பு. அந்தச் சொத்து யாருடையது? பாட்டிலில் லேபிள் ஒட்டும் வியாபாரிக்கா, திராட்சை விளைவிக்கும் விவசாயிக்கா? இந்தக் கேள்வி 1911-ல் தெருவுக்கு வந்தது.

அதற்கு முந்தைய சில ஆண்டுகள் விளைச்சல் மோசம். 1910-ல் பூஞ்சை நோயும் கெட்ட பருவமும் சேர்ந்து மார்ன் மாவட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை. விவசாயிகள் கடனில் தவித்தபோது, சில வியாபாரிகள் லுவார் பள்ளத்தாக்கு போன்ற வெளியிடங்களிலிருந்து மலிவாகச் சரக்கை வரவழைத்து ஷாம்பெயின் என்றே விற்றார்கள். 1911 ஜனவரியில் விவசாயிகள் அந்தச் சரக்கை மறித்துப் பீப்பாய்களை மார்ன் ஆற்றில் உருட்டிவிட்டார்கள்.

அரசு 1908-லேயே ஓர் எல்லை வகுத்திருந்தது. அதில் மார்ன் மாவட்டம் உண்டு. தெற்கே உள்ள ஓப் மாவட்டம் இல்லை. ஓப் மாவட்டத்தின் ட்ருவா நகரமோ ஒரு காலத்தில் ஷாம்பெயின் பிரபுக்களின் தலைநகரம்! "எங்களை வெளியே தள்ளுவதா?" என்று ஓப் விவசாயிகள் திரண்டார்கள். ஏப்ரலில் பிரெஞ்சு செனட் எல்லையே வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இப்போது மார்ன் கொதித்தது. மறுநாள் ஆயி என்ற ஊரில் வியாபாரிகளின் வீடுகளும் கிடங்குகளும் எரிந்தன. ராணுவம் இறங்கியது.

இரண்டு பக்கமும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை என்பதுதான் இதில் வருத்தம். ஒருவருக்குப் பாதுகாப்பான வேலி, இன்னொருவரை வெளியே நிறுத்தியது.

தீர்வு மெதுவாக வந்தது. ஓப் மாவட்டத்துக்கு 1911 ஜூனில் 'இரண்டாம் மண்டலம்' என்ற அரைகுறை இடம் கிடைத்தது. அதே ஆண்டில், ஊர்களைத் தரம் பிரித்துத் திராட்சைக்கு விலை வைக்கும் ஏற்பாடும் தொடங்கியது. 1927 சட்டம் ஓப் மாவட்டத்தின் தோட்டங்களை முழு உரிமையோடு சேர்த்துக்கொண்டது. இன்று ஷாம்பெயின் தோட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டில் 1999-ல் இயற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் அடிப்படையும் இதுவே: ஊரின் பெயர் ஊராருக்குச் சொந்தம்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புளிப்பும் நுரையும் உள்ள பானம் என்பதால் உப்பும் கொழுப்பும் உள்ள பண்டங்களோடு நன்றாகச் சேரும். சிப்பி, வறுத்த பண்டங்கள், பாலாடைக்கட்டி எல்லாம் பொருத்தம். ரீம்ஸில் ரோஜா நிறப் பிஸ்கட்டை அதில் தோய்த்துச் சாப்பிடுவது பழைய வழக்கம். பாலாடைக்கட்டியில் பேர்பெற்ற ஜோடி ஷவூர்ஸ். வெண்ணெய் போல மென்மையான அந்தக் கட்டி, ஒரு காலத்தில் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்ட அதே ஓப் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கியது.